காற்றில் கலந்த பாதரசத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

சென்ற இதழில் இதே பகுதியில், பாதரசத் தெர்மாமீட்டர்கள் மருந்துக்கடைகளிலிருந்து மறைந்துவருவதற்குக் காரணமான மினமாட்டா உடன்படிக்கையை, அதாவது பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட உலக ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வாசகருக்குப் பதில் எழுதியிருந்தேன். அந்த உடன்படிக்கைக்குப் பின்னால் கணினி மாதிரிகளின் முடிவுகளும் இருக்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பற்றியவையாகவே இருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் தெளிவாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காற்றில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கக் கருவி இருக்கிறது. அளந்து பார்த்துச் சட்டம் போடுவதை விட்டுவிட்டு, கணினிக்குள் ஒரு கற்பனை உலகத்தைக் கட்டி, அதைக் காட்டி நாடுகளைக் கட்டுப்படுத்துவது முறையா?
– பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

கருவி அளவைச் சொல்லும். அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது விவரம் இல்லாமல் வேலை நடக்காது. வட அரைக்கோளத்தில், ஆலை எதுவும் அருகில் இல்லாத இடத்திலும்கூட, ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ ஒன்றரை நானோகிராம் பாதரசம் இருக்கும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. உலகளாவிய பாதரசக் கண்காணிப்பு வலையமைப்பு என்ற பெயரில் 2010-இல் தொடங்கிய திட்டத்தில் நம் கொடைக்கானலும் ஓர் அளவீட்டு நிலையமாக இருந்தது. அங்கே பதிவாகும் எண்ணில் எவ்வளவு நம் அனல் மின் நிலையங்களிலிருந்து வந்தது, எவ்வளவு வேறு கண்டத்திலிருந்து வந்தது, எவ்வளவு கடலிலிருந்து ஆவியாகி எழுந்தது என்பதை அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மாதிரி என்பது உண்மையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. பூமியின் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு பாதரசம் நுழைகிறது, காற்று எவ்வளவை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்கிறது, வேதிவினையால் எவ்வளவு வடிவம் மாறுகிறது, மழையோடும் இலைகளின் வழியாகவும் எவ்வளவு தரைக்கு இறங்குகிறது, தரையிலிருந்தும் கடலிலிருந்தும் எவ்வளவு மீண்டும் மேலே போகிறது என்பதையெல்லாம் சிறுசிறு கால அளவுகளில் கூட்டிக் கழித்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, இன்று பல நாட்டு ஆய்வாளர்களும் பயன்படுத்தும் ஜியாஸ்-கெம் என்ற மாதிரி இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டது. கணக்கு ஒருமுறை உலகின் அளவீடுகளோடு ஓரளவு பொருந்திவிட்டால், ஒரு நாட்டின் புகைபோக்கிகளை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்க்கலாம். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவது ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த நாட்டின் பங்கு. மெய்யான உலகில் செய்ய முடியாத இந்தச் சோதனைக்காகத்தான் மாதிரி தேவைப்படுகிறது.

இதில் வடிவ மாற்றம் என்று சொன்னது முக்கியமானது. காற்றில் பாதரசம் பெரும்பாலும் தனிம வடிவில், ஆவியாகத் திரிகிறது. தண்ணீரில் எளிதில் கரையாத அந்த ஆவி சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை காற்றிலேயே தங்கி உலகைச் சுற்றிவரக்கூடியது. ஆக்சிஜனேற்றம் அடைந்த பாதரசம் அப்படியல்ல. தண்ணீரில் நன்றாகக் கரையும், சில நாட்களில் மழையோடு இறங்கிவிடும். அமெரிக்காவின் தெற்கு புளோரிடாவில் மழையில் பாதரசம் அதிகமாக இருப்பதைக் கண்டவர்கள், அருகில் ஏதோ ஆலையிருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கோடைக்காலத்தில் அங்கே எழும்பும் உயரமான இடிமேகங்கள், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் உருவாகும் ஆக்சிஜனேற்றப் பாதரசத்தைக் கழுவி இறக்குகின்றன என்பதை மாதிரிகள் காட்டின. மழைமானியை எத்தனை முறை பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

உலகில் உள்ள ஒவ்வொரு புகைபோக்கியிலும் தராசு வைத்து எடை போட முடியாதே. அப்படியிருக்க 'ஆண்டுக்கு இத்தனை டன்' என்று எப்படி எழுதுகிறார்கள்?
– ஓய்வுபெற்ற பொறியாளர், கோயம்புத்தூர்

எடை போடுவதில்லை; பெருக்கிப் பார்க்கிறார்கள். ஒரு டன் நிலக்கரியில் பத்தில் ஒரு கிராம் என்ற அளவையொட்டிப் பாதரசம் இருக்கும். சுரங்கத்துக்குச் சுரங்கம் இது மாறும். எரிக்கும் நிலக்கரியின் அளவு, அதில் உள்ள பாதரசம், புகையைச் சுத்தம் செய்யும் கருவி பிடித்துவைக்கும் விகிதம் ஆகிய மூன்றும் தெரிந்தால் வெளியேறும் அளவைக் கணக்கிடலாம். சிமெண்ட், உருக்காலை, குப்பை எரிப்பு என்று ஒவ்வொரு துறைக்கும் இதே முறைதான். இப்படிக் கூட்டி, 2015-ஆம் ஆண்டில் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு சொன்னது. அதில் சிறு அளவிலான தங்கச் சுரங்கத் தொழிலின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. நிலக்கரி எரிப்பின் பங்கு 21 விழுக்காடு.

பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் தங்கத் தொழில்தான் கணக்கில் சிக்காத தொழிலும்கூட. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இதைச் செய்கிறார்கள். பொடித்த தாதுவில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் தங்கத்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியைச் சட்டியிலிட்டுச் சூடுகாட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். சட்டியின் அருகில் நிற்பவர் முதலில் அந்த ஆவியை மூச்சில் இழுக்கிறார், மீதி காற்றோடு போகிறது. பல இடங்களில் அனுமதியின்றி நடக்கும் இந்தத் தொழிலுக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை. ஆகவே தங்க உற்பத்தி, பாதரச வணிகம், கள ஆய்வுகள் ஆகியவற்றைக் கொண்டு ஊகித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பட்டியலும் அளவீடும் மோதிக்கொண்ட ஒரு வழக்கு இந்தத் துறையில் பெயர் பெற்றது. 1990 முதல் 2010-களின் தொடக்கம் வரை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காற்றில் இருந்த பாதரசம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு விழுக்காடு குறைந்துகொண்டே வந்தது. அதே காலத்தில், உமிழ்வுப் பட்டியல்களோ உலக அளவில் உமிழ்வு குறையவில்லை, கூடுகிறது என்று சொல்லின. பல ஆண்டுகள் இதற்கு விளக்கம் கிடைக்கவில்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பட்டியலையே திருத்தியது. பேட்டரி, பெயிண்ட் போன்ற பொருள்களில் பாதரசம் கைவிடப்பட்டதால் காற்றுக்குப் போகாமல் நின்ற அளவு முந்தைய பட்டியல்களில் சேரவில்லை. மேலும், கந்தகத்தையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் குறைக்க மேலை நாட்டு மின் நிலையங்கள் பொருத்திய கருவிகள் பாதரசத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றிவிட்டிருந்தன. இரண்டையும் சேர்த்துக் கணக்கை ஓட்டியதும் காற்றில் கண்ட இறக்கம் மாதிரியிலும் வந்தது. மாதிரி தவறாகும் இடத்தில்தான் அது அதிகம் கற்றுத்தருகிறது என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்த வழக்கு ஒரு காரணம்.

மினமாட்டாவில் நடந்தது ஓர் ஊரின் ஆலை ஓர் ஊரின் கடலைக் கெடுத்த கதை. கொடைக்கானலிலும் அப்படித்தான். இதற்கு உள்ளூர்ச் சட்டம் போதாதா, உலக உடன்படிக்கை எதற்கு?
– கல்லூரி மாணவி, சென்னை

நீங்கள் சொல்லும் இரண்டும் உள்ளூர் விபரீதங்களே. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவு விரிகுடாவில் கலந்தது. அந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956 மே மாதம் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு விடுவது 1968-இல்தான் நின்றது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 2001-இல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. இவற்றுக்குக் கணினி மாதிரி தேவைப்படவில்லை. குற்றம் கண்ணெதிரே கிடந்தது.

உலக உடன்படிக்கைக்கான வாதம் வேறு திசையிலிருந்து, வட துருவப் பகுதியிலிருந்து வந்தது. அங்கே ஆலைகள் அரிது. ஆனால் சீலையும் திமிங்கிலத்தையும் வழிவழியாக உண்டுவரும் இனுயிட் மக்களின் இரத்தத்தில் பாதரசம் அதிகமாக இருந்தது. கனடாவின் வட கோடியில் உள்ள அலெர்ட் நிலையத்தில், துருவ இரவு முடிந்து சூரியன் திரும்பும் வசந்த காலத்தில் காற்றிலிருக்கும் பாதரசம் திடீரென்று ஏறக்குறையக் காணாமல் போவதை 1995-இல் கருவிகள் காட்டின. கடற்பனியிலிருந்து கிளம்பும் புரோமின் அதை ஆக்சிஜனேற்றம் செய்து பனியில் இறக்குகிறது என்பது பின்னால் விளங்கியது. இறங்குவது தெரிந்தது, வருவது எங்கிருந்து என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கு சொன்ன பதில், ஆசியா உட்பட எல்லாக் கண்டங்களிலிருந்தும் என்பது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2002-இல் முதல் உலகளாவிய பாதரச மதிப்பீட்டை வெளியிட்டது. உலக அளவிலான நடவடிக்கைக்குப் போதிய சான்று உள்ளது என்று 2003-இல் நாடுகள் ஏற்றன. சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை வேண்டும் என்று 2009-இல் முடிவாயிற்று. 2010 முதல் 2013 ஜனவரி வரை ஐந்து அமர்வுகள் பேசி, 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017-இலும் இந்தியா 2018-இலும் உறுதியளித்துச் சேர்ந்தன. அதன் முகவுரையில் துருவச் சூழலும் அங்குள்ள பூர்வகுடிகளும் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று தனியாகக் குறிப்பிடப்பட்டிருப்பதைப் படிக்கும்போது, அந்த வரிக்குப் பின்னால் எத்தனை கணக்குகள் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இன்றைக்கே எல்லா உமிழ்வையும் நிறுத்திவிட்டால் மீன்களில் பாதரசம் எப்போது குறையும்? நாங்கள் மீனை நம்பியே வாழ்கிறோம், தெளிவாகச் சொல்லுங்கள்.
– நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்

இந்த மாதத்தின் கடினமான கேள்வி இதுதான், பதிலும் நீளும்.

பாதரசம் அழிவதில்லை. எரிந்தும் போகாது, சிதைந்தும் போகாது. நிலத்துக்கும் கடலுக்கும் இறங்கிய பாதரசத்தில் ஒரு பகுதி மீண்டும் ஆவியாகி மேலே போய், வேறோர் இடத்தில் இறங்கி, மறுபடியும் எழுகிறது. ஆழ்கடல் வண்டலில் புதையும் வரை இந்தச் சுற்று ஓயாது. அதற்கு நூற்றாண்டுகள் ஆகும். ஓராண்டில் காற்றுக்குள் செல்லும் மொத்தப் பாதரசத்தில் எரிமலை முதலிய இயற்கை மூலங்களின் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு, அந்த ஆண்டின் மனிதச் செயல்களின் பங்கு 30 விழுக்காடு, முன்னர் படிந்தது மறுபடி எழுவது 60 விழுக்காடு என்று ஐ.நா. மதிப்பீடுகள் சொல்கின்றன. அந்த 60-இல் பெரும்பகுதி நம் முன்னோர் காலத்து மனிதர்கள் வெளியிட்டதுதான்.

எந்த முன்னோர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரு சுவையான சண்டை உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஸ்பானிய ஆட்சியின் கீழ் பொடோசி முதலிய தென் அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளியைப் பிரிக்கப் பெரும் அளவில் பாதரசத்தைக் கொட்டினார்கள். ஸ்பெயினின் அல்மதேனிலிருந்தும் பெருவின் வான்காவெலிக்காவிலிருந்தும் அது வந்தது. அதில் பெரும்பகுதி காற்றுக்குப் போயிருந்தால், இன்றைய கடலில் உள்ள பாதரசத்துக்கு அந்தக் காலனிய வெள்ளிக்கும் பொறுப்புண்டு. ஏரி வண்டல்களைத் தோண்டிப் பார்த்தவர்களும் அன்றைய வெள்ளிப் பட்டறைகளின் வேதியியலை ஆராய்ந்தவர்களும் இதை மறுக்கிறார்கள்: பாதரசத்தில் பெரும்பங்கு கேலோமெல் என்ற திடச் சேர்மமாகக் கழிவோடு அங்கேயே தங்கிவிட்டது என்பது அவர்கள் வாதம். இது வெறும் வரலாற்று ஆர்வம் அன்று. பழைய பாதரசம் குறைவு என்று கணக்கில் எழுதினால், இன்றைய உமிழ்வின் பங்கு அந்த அளவுக்கு உயரும். இன்றைய உமிழ்வைக் குறைப்பதன் பலனும் உயரும்.

இனி மீனுக்கு வருவோம். நீரிலும் சேற்றிலும் வாழும் சில நுண்ணுயிர்கள், ஆக்சிஜன் இல்லாத சூழலில், பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற கடும் நச்சு வடிவமாக மாற்றுகின்றன. அது மிதவை உயிரிகளுக்குள் நுழைந்து, சிறு மீன், பெரு மீன் என்று ஒவ்வொரு படியிலும் செறிந்து, தண்ணீரில் இருந்ததைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் சுறாவிலும் வாள்மீனிலும் சேர்கிறது. இந்தப் படிகள் எவ்வளவு விரைவில் மாறும் என்பதை அறியக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஓர் ஏரியையே சோதனைக்கூடமாக்கினார்கள். 2001 முதல் ஏழு ஆண்டுகள், ஏரியில் படகிலிருந்து ஒரு பாதரச ஐசோடோப்பையும் (ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின், அணு எடையில் மட்டும் வேறுபடும் வகை), சுற்றியிருந்த காட்டிலும் சதுப்பிலும் சிறு விமானத்திலிருந்து வெவ்வேறு ஐசோடோப்புகளையும் தூவினார்கள். மீனைப் பிடித்து ஆராய்ந்தால், அதன் உடலில் இருப்பது எந்த வழியாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பதே ஏற்பாடு. ஏரியில் நேரடியாக இட்டது விரைவிலேயே மீன்களில் தெரிந்தது. காட்டில் தூவியது மண்ணிலும் இலைச் சருகிலும் தங்கிவிட்டது, மீனை எட்டவேயில்லை என்று சொல்லிவிடலாம். தூவுவதை நிறுத்திய பிறகு எட்டாண்டுகளில், ஏரி வழியாகச் சேர்ந்த மெத்தில் பாதரசம் பைக் என்ற பெரிய வேட்டை மீன்களின் கூட்டத்தில் 76 விழுக்காடு குறைந்தது.

ஏரி அவ்வளவு விரைவு. கடல் அப்படியில்லை. பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல்களில் பிடிபட்ட சூரை மீன்களின் 1971 முதல் 2022 வரையிலான அளவீடுகளைத் திரட்டி 2024-இல் வெளியான ஆய்வு, இந்த அரை நூற்றாண்டில் பெரும்பாலான பகுதிகளில் சூரையின் பாதரச அளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று கண்டது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உமிழ்வு குறைந்திருந்தும் இந்த நிலை. அடிக்கடலில் சேர்ந்திருக்கும் பழைய பாதரசம் மேல்நீருக்கு வந்துகொண்டே இருப்பதுதான் காரணம் என்று அவர்களுடைய மாதிரி காட்டியது. உமிழ்வை வெகுவாகக் குறைத்தாலும் கடல் மீனில் அது தெரியப் பத்து ஆண்டுகள் முதல் பல பத்தாண்டுகள் வரை ஆகும்.

உங்கள் சமையலறைக்கு இதன் பொருள் என்ன என்று கேட்பீர்கள். உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு அரை மில்லிகிராம் மெத்தில் பாதரசம் உள்ள மீனென்றால் வாரத்தில் 190 கிராமோடு வரம்பு முடிந்துவிடும். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் அளவு பன்மடங்கு குறைவு. அவற்றைத் தயக்கமின்றி உண்ணலாம். கருவுற்ற தாய்மார்களும் சிறு குழந்தைகளும் சுறாவையும் வாள்மீனையும் தவிர்ப்பது நல்லது. மீனையே தவிர்க்கத் தேவையில்லை.

ஒரு மாதிரி ஒன்று சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறது. பிழை இவ்வளவு இருக்கும்போது கோடிகளைச் செலவழிக்கச் சொல்வது நியாயமா?
– பட்டயக் கணக்காளர், மதுரை

கணக்காளர் கேட்க வேண்டிய கேள்வி. பிழை உண்டு, அது சிறியதும் அல்ல. உலக மாதிரிகளில் வழக்கமாக வரும் ஒரு கட்டம், வடக்குத் தெற்காக இரண்டு பாகையும் கிழக்கு மேற்காக இரண்டரைப் பாகையும் கொண்டது. உங்கள் மதுரையும் தேனியும் கொடைக்கானல் மலையும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மூன்றுக்கும் ஒரே காற்று, ஒரே மழை. வேதியியலிலும் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது: காற்றில் பாதரசத்தை ஆக்சிஜனேற்றம் செய்வது ஓசோன் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள், பிறகு புரோமின் என்றார்கள், இப்போது புரோமினோடு ஹைட்ராக்சில் என்ற வினைமிக்க மூலக்கூறுத் துண்டும் சேர்ந்து தொடங்கிவைக்கிறது என்கிறார்கள்.

ரூபாய்க் கணக்குக்கு வந்தால் வீச்சு இன்னும் விரியும். மினமாட்டா உடன்படிக்கையால் 2050 வரையில் அமெரிக்கர்களுக்கு வாழ்நாள் பலனாகக் கிடைக்கக்கூடியது 33,900 கோடி டாலர் என்று 2016-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அமாண்டா ஜியாங்கும் நோயல் செலினும் கணக்கிட்டார்கள். அதே கட்டுரையில் அவர்கள் கொடுத்திருந்த வீச்சு 140 கோடி டாலரிலிருந்து 57,500 கோடி டாலர் வரை. சிரிக்கத் தோன்றும், ஆனால் இந்த வீச்சை மறைக்காமல் அச்சிட்டதில்தான் அந்தக் கணக்கின் நேர்மை இருக்கிறது என்பேன். வீச்சின் பெரும்பகுதி வளிமண்டலத்திலிருந்து வரவில்லை. மீனில் பாதரசம் குறைய எத்தனை காலம் ஆகும், இத்தனை மைக்ரோகிராம் உடலில் சேர்ந்தால் குழந்தையின் அறிவுத்திறனுக்கும் பெரியவர்களின் இதயத்துக்கும் எவ்வளவு கேடு என்ற கேள்விகளிலிருந்து வருகிறது.

ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு சட்டம் எழுதினால் நீங்கள் சொல்வதுபோல் அநியாயம்தான். எந்த அனுமானத்தை மாற்றினாலும் மாறாமல் நிற்கும் முடிவுகளைப் பாருங்கள். தனிமப் பாதரசம் கண்டம் கடந்து செல்கிறது. இன்று வெளியிடுவது நாளைய மறு உமிழ்வுக்கு முதலாகிறது. ஆகவே தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிற்காலத்தில் இன்னும் கடுமையான குறைப்பைக் கேட்கும். ஓசோனா புரோமினா என்ற சர்ச்சை எப்படி முடிந்தாலும் இவற்றில் ஒன்றும் ஆட்டம் காணவில்லை. உடன்படிக்கை சாய்ந்து நிற்பதும் இவற்றின்மீதுதான்.

எங்கள் ஊரில் அனல் மின் நிலையம் இருக்கிறது. உலகத்துக்காக இந்தியா ஏன் செலவழிக்க வேண்டும்?
– எண்ணூரிலிருந்து ஒரு வாசகர்

உலகத்துக்கு முன்னால் உங்களுக்காகத்தான். நிலக்கரி எரியும்போது வெளிவரும் பாதரசத்தில் ஒரு பகுதி தனிம ஆவி, ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்தது, ஒரு பகுதி சாம்பல் துகளில் ஒட்டியது. இ.எஸ்.பி. என்று ஆலைக்காரர்கள் சொல்லும் சாம்பல் பிடிக்கும் கருவி துகளோடு ஒட்டியதைப் பிடிக்கும். கந்தகத்தை நீக்க வைக்கும் எஃப்.ஜி.டி., சுண்ணாம்புக் கலவை நீரில் புகையைக் கழுவுவதால், நீரில் கரையும் ஆக்சிஜனேற்றப் பாதரசத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். தனிம ஆவி இரண்டுக்கும் தப்பிவிடும். இந்தியாவிலும் சீனாவிலும் உடன்படிக்கை கேட்கும் வகையான கருவிகளை வைத்தால் என்ன ஆகும் என்று 2015-இல் வெளியான ஒரு மாதிரி ஆய்வு கணக்கிட்டபோது, பிடிபடுவதில் ஆக்சிஜனேற்றப் பாதரசமே அதிகம் என்பதால், படிவு குறையும் பலன் தூர தேசங்களைவிட அந்தந்த நாட்டுக்கும் அண்டைப் பகுதிகளுக்குமே அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தது.

மத்திய அரசு 2015 டிசம்பரில் அனல் மின் நிலையங்களுக்குப் பாதரச வரம்பையும் அறிவித்தது: ஒரு கன மீட்டர் புகையில் 0.03 மில்லிகிராம். ஆனால் 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கு அருகில் இல்லாத பெரும்பாலான நிலையங்களுக்கு எஃப்.ஜி.டி. கட்டாயமில்லை என்று தளர்த்தப்பட்டது. அந்த விவாதம் பெரும்பாலும் கந்தக டைஆக்சைடைச் சுற்றியே நடந்தது. கருவியோடு கூடவே பிடிபட்டிருக்கக்கூடிய பாதரசத்தையும் தராசில் வைத்திருந்தால் வாதம் கொஞ்சமாவது மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், யாழ்ப்பாணம்

உண்டு. இலைகள் மூச்சுவிடும்போது காற்றிலிருந்து தனிமப் பாதரசத்தை எடுத்துக்கொண்டு, சருகாக உதிர்ந்து மண்ணில் சேர்க்கின்றன. காட்டை அழித்தால் இந்த வேலை நின்று, மண்ணில் இருப்பதும் கிளம்பும். காடழிப்பால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 டன், அதாவது மனித உமிழ்வின் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான பாதரசம் கூடுதலாகிறது என்று அண்மையில் ஒரு மாதிரி ஆய்வு கணக்கிட்டது. கடலிலும் விளைவு உண்டு: நீர் சூடானால் மீனுக்கு அதிகத் தீனி வேண்டும், தீனியோடு பாதரசமும் அதிகம் சேரும். 1969-க்குப் பிந்தைய வெப்ப உயர்வு மட்டுமே அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையில் மெத்தில் பாதரசத்தை 56 விழுக்காடு வரை கூட்டியிருக்கும் என்று 2019-இல் மதிப்பிட்டார்கள். இரண்டையும் மினமாட்டா உடன்படிக்கையின் எந்தப் பிரிவும் நேரடியாகத் தொடுவதில்லை.

உடன்படிக்கை பலன் தந்திருக்கிறதா என்று யார், எப்படிச் சொல்வார்கள்?
– வழக்கறிஞர், திருச்சி

உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, நடைமுறைக்கு வந்த ஆறாண்டுகளுக்குள் அதன் பயன்விளைவை மதிப்பிடும் பணி தொடங்க வேண்டும் என்கிறது. அதற்கென அறிவியல் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. காற்று, நிலம், கடல் ஆகிய மூன்றுக்குமான பல மாதிரிகளை ஒரே உமிழ்வுப் பட்டியலோடு ஓட்டி ஒப்பிடும் பன்னாட்டு முயற்சியும் நடந்துவருகிறது. இந்த மதிப்பீட்டில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. மேலே சொன்ன சூரை மீனை எடுத்துவைத்து, பாதரசம் குறையவில்லையே, உடன்படிக்கை தோற்றது என்று யாராவது வாதாடினால், எண்களைப் பொறுத்தவரை அவர் பொய் சொல்லவில்லை. மாறாக, காற்றில் இறக்கம் தெரிந்தால், அது உடன்படிக்கைக்கு முன்பே நாடுகள் வேறு காரணங்களுக்காகச் செய்ததன் பலனாகவும் இருக்கலாம். ஆகவே உடன்படிக்கை இல்லாமலிருந்தால் இன்றைய நிலை எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு ஓட்டி, அதனோடு அளவீட்டை ஒப்பிடுவதே சரியான முறை.

அந்த ஒப்பீட்டில் நிலக்கரியின் பக்கம் ஓரளவு உறுதியாக இருக்கிறது. தங்கத்தின் பக்கம் பலவீனம். சிறு அளவிலான தங்கத் தொழில் கணிசமாக நடக்கும் நாடுகள் தேசியச் செயல்திட்டம் ஒன்றை அளித்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்று 7-ஆம் பிரிவு கேட்கிறது. கானா, பெரு, இந்தோனேசியா போன்ற நாடுகள் அந்தத் திட்டங்களுக்காகச் சுரங்க வட்டாரங்களில் எடுக்கும் கள எண்கள் எவ்வளவு நம்பகமாக வருகின்றனவோ, மாதிரிகளின் அடுத்த ஓட்டமும் அவ்வளவே நம்பகமாக இருக்கும்.